கோயிம்ப்ராவின் அகாதேமிகா: மாணவர்கள் வளர்த்த ஒரு கால்பந்து கிளப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போர்ச்சுகல் கால்பந்தை வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குப் பென்ஃபிகா, ஸ்போர்ட்டிங், போர்ட்டோ என்ற மூன்று பெயர்கள்தான் தெரிந்திருக்கும். லீக் பட்டத்தை இந்த மூவரைத் தவிர இருவர்தான் தொட்டிருக்கிறார்கள்: 1946இல் பெலெனென்செஸ், 2001இல் போவிஸ்தா. மற்ற ஊர்களின் கிளப்புகள் எல்லாம் அந்த மூன்றின் நிழலில் வாழ்பவை. அவற்றுள் வரலாற்றால் மிகச் செழிப்பானது எது என்று கேட்டால், கோயிம்ப்ரா நகரத்தின் அகாதேமிகா என்றே சொல்வேன். அதைப் பற்றித் தமிழில் எழுதும்போதும் பேசும்போதும் நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே ஓரிடத்தில் சேர்த்திருக்கிறேன்.

அகாதேமிகா எந்த ஊர் கிளப்? எப்போது தொடங்கியது?

லிஸ்பனுக்கும் போர்ட்டோவுக்கும் நடுவில், மொண்டேகோ ஆற்றங்கரைக் குன்றின் மேல் இருக்கும் ஊர் கோயிம்ப்ரா. 1290இல் தோன்றிய பல்கலைக்கழகம், லிஸ்பனுக்கும் இந்த ஊருக்குமாகப் பலமுறை இடம் மாறி, 1537இல் இங்கே நிலைகொண்டது. 1911இல் லிஸ்பனிலும் போர்ட்டோவிலும் பல்கலைக்கழகங்கள் திறக்கப்படும் வரை, ஒன்றரை நூற்றாண்டுக்கு நாட்டின் ஒரே பல்கலைக்கழகம் இதுதான். வக்கீல், மருத்துவர், அமைச்சர் என யாராக வேண்டுமானாலும் இந்தக் குன்றில் ஏறித்தான் இறங்க வேண்டும் என்ற நிலை இருந்தது.

அங்கே படித்தவர்கள் 1887 நவம்பர் 3 அன்று ஒரு மாணவர் சங்கத்தை அமைத்தார்கள். நாடகம், பாட்டு, விளையாட்டு எல்லாம் அந்தச் சங்கத்தின் கிளைகளாக வளர்ந்தன. கால்பந்து 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதில் சேர்ந்தது. கிளப்பின் சின்னத்தில் 1887 என்ற ஆண்டைப் பார்த்து, அப்போதே போர்ச்சுகலில் கிளப் கால்பந்து இருந்ததா என்று சிலர் வியப்பார்கள். அது சங்கம் பிறந்த ஆண்டு. கால்பந்து அணி அந்த வீட்டின் பிற்காலப் பிள்ளை.

ஏன் முழுக் கறுப்புச் சீருடை?

கோயிம்ப்ரா மாணவர்களின் மரபு உடை கறுப்பு. கறுப்பு அங்கி, அதன்மேல் தோளிலிருந்து தொங்கும் நீளமான கறுப்புப் போர்வை. சட்டையும் கால்சட்டையும் அந்த உடையிலிருந்து வந்தவை. 1985இல் உருவான தீவிர ரசிகர் குழுவும் 'மாஞ்சா நெக்ரா', அதாவது கறுப்புக் கறை, என்று தனக்குப் பெயர் வைத்துக்கொண்டது. அந்தப் போர்வையை எப்படி அணிகிறார்கள் என்பதற்கும் அங்கே பொருள் உண்டு. துக்கம் காக்கும்போது அதை அணியும் விதம் வேறு. 1969ஐப் பற்றிச் சொல்லும்போது இது நினைவில் இருக்கட்டும்.

எத்தனை கோப்பைகள் வென்றிருக்கிறது?

பெரிய கோப்பைகள் இரண்டு. 1939லும் 2012லும் போர்ச்சுகல் கோப்பை. இடையில் 73 ஆண்டுகள். இறுதிவரை போய்த் தோற்றவை 1923, 1951, 1967, 1969. லீகில் மிக உயர்ந்த இடம் 1966-67இல் கிடைத்த இரண்டாம் இடம். எண்ணிக்கையை மட்டும் வைத்து இந்தக் கிளப்பை அளந்தால் ஒன்றும் பிடிபடாது.

1939இல் வென்றது சாதாரணக் கோப்பைதானே? ஏன் அதை அவ்வளவு கொண்டாடுகிறார்கள்?

1922 முதல் நாடு தழுவிய நாக் அவுட் போட்டி ஒன்று நடந்துவந்தது. அதில் வெல்பவரே போர்ச்சுகல் சாம்பியன். 1923இல் ஃபாரோ நகரில் நடந்த அதன் இறுதி ஆட்டத்தில் அகாதேமிகா ஸ்போர்ட்டிங்கிடம் 3-0 என்று தோற்றது. 1938இல் அமைப்பு மாறியது. லீகில் முதலிடம் பெறுபவரே சாம்பியன் என்றும், நாக் அவுட் போட்டி இனி 'போர்ச்சுகல் கோப்பை' என்றும் முடிவானது.

அந்தப் புதிய கோப்பையின் முதல் இறுதி ஆட்டம் 1939 ஜூன் 25 அன்று லிஸ்பனின் சலேசியாஸ் மைதானத்தில் நடந்தது. எதிரே பென்ஃபிகா, அதுவும் அதன் சொந்த நகரத்தில். அகாதேமிகா 4-3 என்று வென்றது. வென்றவர்கள் வரிசையில் முதல் பெயராக இருப்பது தலைநகரத்தின் கிளப் ஒன்றல்ல, ஒரு பல்கலைக்கழக ஊரின் மாணவர் அணி. அதற்குப் பிறகு யார் எத்தனை முறை வென்றாலும் அந்த முதல் வரியை மாற்ற முடியாது. கோயிம்ப்ராக்காரர்கள் அதைச் சொல்லிச் சொல்லி மகிழ்வதில் எனக்கு வியப்பே இல்லை.

உண்மையிலேயே மாணவர்கள்தான் ஆடினார்களா? பெயருக்குத்தானே?

இந்தச் சந்தேகத்தோடு வராதவர்களே இல்லை. பெயருக்கு மட்டும் சேர்க்கப்பட்டவர்கள் இருந்திருக்கலாம். எல்லோரும் பட்டம் வாங்கிவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் வாங்கியவர்களின் பட்டியலைப் பாருங்கள்.

1968-69 லீகில் 19 கோல்களோடு நாட்டிலேயே அதிக கோல் அடித்தவர் அகாதேமிகாவின் மானுவேல் அந்தோனியோ. பென்ஃபிகாவின் பெரும் நட்சத்திரம் யூசேபியோ ஆடிக்கொண்டிருந்த காலத்தில் அந்தப் பட்டத்தைப் பெறுவது என்ன என்பதைக் கால்பந்து ரசிகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அவர் மருத்துவம் படித்தார். பிற்காலத்தில் கோயிம்ப்ராவின் புற்றுநோய் மருத்துவமனைக்குத் தலைமை வகித்தார். விட்டோர் காம்போஸ், மாரியோ காம்போஸ் என்ற சகோதரர்களும் ஆடிக்கொண்டே படித்து மருத்துவர்களானார்கள். கேப் வெர்டேயிலிருந்து வந்த ஜோர்ஜே உம்பெர்த்தோ 1961இல் இத்தாலியின் இன்டர் மிலானுக்கே போனார். அவரும் மருத்துவரானார்.

அர்த்தூர் ஜோர்ஜே கதை இன்னும் பிடிக்கும். போர்ட்டோ நகரத்தில் பிறந்து, அந்த ஊர் கிளப்பின் இளையோர் அணியில் வளர்ந்த முன்கள வீரர். 1965இல் கோயிம்ப்ராவுக்கு வந்தார். ஜெர்மானிய மொழியியல் படித்தார், கவிதை எழுதினார், கோல்களாகக் குவித்தார். பின்னாளில் பயிற்சியாளராகி, 1987இல் வியன்னாவில் பயர்ன் மியூனிக்கை 2-1 என வென்று, போர்ட்டோவுக்கு அதன் முதல் ஐரோப்பியக் கோப்பையைப் பெற்றுத் தந்தார்.

காலையில் உடற்கூறியல் வகுப்பு, மாலையில் பயிற்சி, ஞாயிறன்று பென்ஃபிகாவோடு ஆட்டம். ஒரு தலைமுறை அப்படித்தான் வாழ்ந்தது. முழுநேரத் தொழிலாகக் கால்பந்து மாறிய பிறகு இது எங்குமே நடக்க முடியாததாகிவிட்டது. அகாதேமிகாவின் பிற்காலத் துயரங்கள் பலவற்றுக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

ஆப்பிரிக்காவில் பிறந்த வீரர்கள் இத்தனை பேர் எப்படி வந்தார்கள்?

அன்று மொசாம்பிக், அங்கோலா, கேப் வெர்டே, கினி பிசாவ் எல்லாம் போர்ச்சுகலின் பிடியில் இருந்தன. அங்கே பல்கலைக்கழகம் இல்லை. மேற்படிப்பு வேண்டுமானால் கப்பலேற வேண்டும். கப்பலில் வந்தவர்களில் பந்து ஆடத் தெரிந்தவர்களும் இருந்தார்கள்.

மாரியோ வில்சன் மொசாம்பிக்கில் 1929இல் பிறந்தவர். ஸ்போர்ட்டிங்கில் லீக் பட்டம் வென்றுவிட்டு 1951இல் அகாதேமிகாவுக்கு வந்தார். பத்தாண்டுக்கும் மேலாக ஆடினார், பிறகு 1964 முதல் 1968 வரை பயிற்றுவித்தார். 'கிழட்டுத் தலைவர்' என்று ஊரே அவரை அன்போடு அழைத்தது. 1975-76இல் பென்ஃபிகாவை லீக் சாம்பியனாக்கிய முதல் போர்ச்சுகீசியப் பயிற்சியாளர் என்ற பெருமையும் அவருடையது. ஆப்பிரிக்காவுக்கு அப்பாலிருந்தும் வந்தார்கள்: சீனக் கடற்கரையின் மக்காவ் நகரில் பிறந்த அவுகுஸ்தோ ரோஷா அகாதேமிகாவில் ஆடி, போர்ச்சுகல் தேசிய அணியிலும் இடம்பிடித்தார்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அரசு இந்த இளைஞர்களைத் தனக்கு விசுவாசமான குடிமக்களாக்க நினைத்தது. கோயிம்ப்ராவின் விடுதி அறைகளில் அவர்கள் விடுதலை பற்றிப் பேசினார்கள். அகாதேமிகாவில் ஆடிய தானியேல் சிப்பேந்தா அங்கோலா விடுதலைப் போரின் தளபதிகளில் ஒருவரானார். இன்னொரு அங்கோலா வீரர் அந்தோனியோ தோஸ் சாந்தோஸ் ஃபிரான்சா, 'இந்தாலு' என்ற போர்ப்பெயரோடு களம் கண்டு, விடுதலைக்குப் பிறகு நாட்டின் ராணுவத் தலைமைத் தளபதியாக உயர்ந்தார். கறுப்புச் சட்டை போட்டு ஓடியவர்கள் ஒரு பேரரசையே எதிர்த்து நின்றார்கள்.

அணி உச்சத்தில் இருந்தது எப்போது?

1966-67. மாரியோ வில்சன் பயிற்சியாளர். 26 ஆட்டங்களின் முடிவில் பென்ஃபிகாவுக்கு 43 புள்ளி, அகாதேமிகாவுக்கு 40. முந்தைய கோடையில்தான் பென்ஃபிகா வீரர்கள் நிறைந்த போர்ச்சுகல் அணி உலகக் கோப்பையில் மூன்றாம் இடம் பெற்றிருந்தது. அப்படிப்பட்ட அணிக்கு மூன்று புள்ளி பின்னால் நின்றார்கள்.

அதே ஆண்டுக் கோப்பை இறுதியில் விட்டோரியா த செத்தூபல். 90 நிமிடத்தில் முடியவில்லை, 120இலும் முடியவில்லை. 144ஆம் நிமிடத்தில் செத்தூபலின் ஜசிந்தோ ஜோவாவ் அடித்த கோலோடு 3-2 என்று ஆட்டம் முடிந்தது. ஒரே பருவத்தில் இரண்டிலும் இரண்டாம் இடம். இவ்வளவு நெருங்கி வந்து கைநழுவுவது இந்தக் கிளப்பின் வரலாற்றில் அடிக்கடி நடக்கும்.

1969 இறுதி ஆட்டத்தை எல்லோரும் சொல்கிறார்களே, அந்த ஆண்டு என்ன நடந்தது?

இதற்கு மட்டும் கொஞ்சம் விரிவாகப் பதில் சொல்ல வேண்டும்.

பல பத்தாண்டுகள் நாட்டை ஆண்ட சர்வாதிகாரி சலசார் 1968இல் நாற்காலியிலிருந்து விழுந்து மூளை பாதிக்கப்பட்டு, செப்டம்பரில் மார்செலோ கயேத்தானோ பிரதமரானார். ஆட்சி இளகும் என்று பலர் நம்பினார்கள். ஆப்பிரிக்காவில் 1961 முதல் போர் நடந்துகொண்டிருந்தது. படிப்பை முடிக்கும் ஒவ்வோர் ஆண்மகனுக்கும் முன்னால் அந்தப் போர் காத்திருந்தது.

1969 ஏப்ரல் 17 அன்று கோயிம்ப்ராவில் கணிதத் துறையின் புதிய கட்டடத் திறப்பு விழா. குடியரசுத் தலைவர் அமெரிக்கோ தோமாஸும் கல்வி அமைச்சர் ஜோசே எர்மானோ சராய்வாவும் வந்திருந்தார்கள். மாணவர் சங்கத் தலைவர் அல்பெர்த்தோ மார்த்தின்ஸ் எழுந்து, மாணவர்கள் சார்பாகப் பேச அனுமதி கேட்டார். கேட்டது அவ்வளவுதான். அனுமதி தரப்படவில்லை. விருந்தினர்கள் அவசரமாக வெளியேறினார்கள், மாணவர்கள் தாங்களே அந்தக் கட்டடத்தைத் திறந்துவைத்தார்கள். அன்று இரவே மார்த்தின்ஸை ரகசியப் போலீஸ் கைது செய்தது.

சில நாட்களில் சங்கத் தலைவர்கள் பல்கலைக்கழகத்திலிருந்து இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். மாணவர்கள் துக்கம் அறிவித்து வகுப்புகளைப் புறக்கணித்தார்கள். ஜூனில் தேர்வுகளையும் புறக்கணித்தார்கள். தெருக்களில் போலீஸ் நிறைந்திருந்தது. மாணவர்கள் ஊர் மக்களுக்குப் பூக்களைக் கொடுத்தார்கள், பலூன்களைப் பறக்கவிட்டார்கள். பத்திரிகைகளைத் தணிக்கை கட்டிப்போட்டிருந்ததால் கோயிம்ப்ராவுக்கு வெளியே இருந்தவர்களுக்கு உண்மை போய்ச் சேரவில்லை.

இந்த நேரத்தில்தான் அகாதேமிகா கோப்பையின் இறுதி ஆட்டத்துக்குத் தகுதி பெற்றது. அதாவது, சொல்ல வந்ததைச் சொல்லவிடாமல் தடுக்கப்பட்ட மாணவர்களுக்குத் தலைநகரத்தில் ஒரு மைதானமும் பல்லாயிரம் பேர் கூடும் ஒரு நாளும் கிடைத்துவிட்டன.

அந்த ஆட்டம் எப்படி நடந்தது?

1969 ஜூன் 22, ஞாயிறு. எதிரே பென்ஃபிகா. இடம் லிஸ்பனை ஒட்டிய ஜாமோர் தேசிய மைதானம். 1944இல் சலசார் ஆட்சி தன் பெருமைக்காகக் கட்டித் திறந்த மைதானம் அது.

ஆண்டுதோறும் கோப்பையைக் கையளிக்க வரும் குடியரசுத் தலைவர் அன்று வரவில்லை. தேசியத் தொலைக்காட்சி ஆட்டத்தை ஒளிபரப்பவில்லை. இந்த இரண்டு முடிவுகளும் ஆட்சி எவ்வளவு பயந்திருந்தது என்பதைக் காட்டிவிட்டன.

ஆயிரக்கணக்கான மாணவர்கள் கோயிம்ப்ராவிலிருந்து வந்தார்கள். துண்டறிக்கைகள் கைமாறின. கூட்டத்துக்கு நடுவே பதாகைகள் விரிந்தன, போலீஸ் நெருங்குவதற்குள் மடிந்து வேறோர் இடத்தில் விரிந்தன. சுதந்திரமான பல்கலைக்கழகம் வேண்டும், போலீஸைக் குறைத்துக் கல்வியைக் கூட்டுங்கள் என்று அவற்றில் எழுதியிருந்தது. அகாதேமிகா வீரர்கள் வழக்கம்போல் ஓடிவரவில்லை. கறுப்புப் போர்வைகளைத் தோளில் போட்டுக்கொண்டு, துக்கம் காப்பவர்களாக, மெதுவாக நடந்து மைதானத்துக்குள் வந்தார்கள். பல்கலைக்கழகம் துக்கத்தில் இருக்கிறது என்று சொல்ல அதைவிட வேறு வழி அவர்களுக்கு இல்லை. மேலும் சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

ஆட்டம் 81ஆம் நிமிடம் வரை கோலின்றி நகர்ந்தது. அப்போது மானுவேல் அந்தோனியோ அடித்தார். ஒன்பது நிமிடம் தாங்கினால் கோப்பை. நான்கே நிமிடத்தில் சிமோயேஸ் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில், 109ஆம் நிமிடத்தில், யூசேபியோ. பென்ஃபிகா 2, அகாதேமிகா 1.

அர்த்தூர் ஜோர்ஜே அன்று களத்தில் இல்லை. அவர் ஆடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் கோயிம்ப்ராவில் பேசிக்கொள்வார்கள்.

அப்படியானால் பென்ஃபிகா ஆட்சியின் பக்கம் நின்றதாகக் கொள்ளலாமா?

கூடாது. அந்த ஆட்டத்தை 'மக்கள் அணியும் அரசு அணியும் மோதின' என்று எழுதுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன், அது அநியாயம். பென்ஃபிகா லிஸ்பனின் உழைக்கும் மக்கள் நேசித்த கிளப். வெற்றி கோலை அடித்த யூசேபியோ மொசாம்பிக்கில் பிறந்தவர். வெளிநாட்டுக்குப் போய் ஆட விரும்பியும் அவரை ஆட்சி விடவில்லை. அகாதேமிகாவில் வளர்ந்த தோனி என்ற வீரர் அதற்கு முந்தைய ஆண்டுதான் பென்ஃபிகாவுக்கு மாறியிருந்தார். மைதானத்தில் இருந்த 22 பேரில் எவரும் எதிரிகளாக இருக்கவில்லை. எதிரி வராமல் போனவர்தான்.

அந்த மாணவர்களுக்கு என்ன ஆயிற்று?

பலர் கட்டாயமாக ராணுவத்தில் சேர்க்கப்பட்டார்கள். ஆனால் அரசும் தள்ளாடியது. 1970 ஜனவரியில் சராய்வா கல்வி அமைச்சர் பதவியை இழந்தார், அந்த ஏப்ரலில் மாணவர்களுக்கு மன்னிப்பு வழங்கப்பட்டது. அனுமதி மறுக்கப்பட்ட அல்பெர்த்தோ மார்த்தின்ஸ் பிற்காலத்தில் ஜனநாயக போர்ச்சுகலின் நீதி அமைச்சராகப் பதவி வகித்தார்.

ஐரோப்பியப் போட்டிகளில் ஆடியிருக்கிறதா?

ஆடியிருக்கிறது, அங்கேயும் நூலிழையில் தோற்றிருக்கிறது. 1968இல் ஃபேர்ஸ் கோப்பையில் பிரான்சின் லியோனோடு ஆடிய இரண்டு ஆட்டங்களும் ஆளுக்கு 1-0 என்று முடிந்து, நாணயம் சுண்டி முடிவு செய்தார்கள். நாணயம் லியோன் பக்கம் விழுந்தது.

1968-69 லீக் பட்டமும் பென்ஃபிகாவுக்கே போனதால், 1969-70இல் கோப்பை வெற்றியாளர்களுக்கான ஐரோப்பியப் போட்டியில் போர்ச்சுகலின் இடம் தோற்ற அகாதேமிகாவுக்குக் கிடைத்தது. ஃபின்லாந்தின் குப்ஸ், கிழக்கு ஜெர்மனியின் மக்டபுர்க் இரண்டையும் தாண்டிக் கால் இறுதிக்குப் போனார்கள். அங்கே மான்செஸ்டர் சிட்டி. கோயிம்ப்ராவில் 0-0. மான்செஸ்டரிலும் 90 நிமிடத்தில் கோல் இல்லை. கூடுதல் நேரம் முடியும் தறுவாயில் டோனி டவர்ஸ் அடித்த ஒரு கோல். சிட்டி அந்தக் கோப்பையையே வென்றது. அடுத்து 1971இல் இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்ப்டனிடம் தெளிவாகத் தோற்றார்கள். பிறகு ஐரோப்பாவுக்குத் திரும்ப 2012 ஆனது.

1974இல் கிளப்பை மூடிவிட்டார்களாமே, உண்மையா?

உண்மை. மூடியவர்கள் மாணவர்களே.

1974 ஏப்ரல் 25 புரட்சியில் சர்வாதிகாரம் வீழ்ந்தது. இரண்டு மாதங்களுக்குள், ஜூனில் கூடிய மாணவர் பேரவை, கால்பந்துப் பிரிவைக் கலைக்கத் தீர்மானித்தது. சம்பளம் வாங்கி ஆடும் கால்பந்துக்கு மாணவர் சங்கத்தில் என்ன வேலை என்பது அவர்கள் வாதம். கால்பந்து மக்களை மயக்க ஆட்சி பயன்படுத்திய கருவி என்ற எண்ணமும் அன்று பரவலாக இருந்தது.

வாதத்தில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். 1970களில் முதல் பிரிவுக் கால்பந்து உண்மையிலேயே தொழிலாகிவிட்டது. அதை ஒரு மாணவர் சங்கம் நடத்துவது கடினம். ஆனால் ஐந்தே ஆண்டுகளுக்கு முன் போர்வை சுமந்து நடந்துவந்து மாணவர்களின் குரலை ஜாமோர் வரை கொண்டுபோன பிரிவு அது. மயக்க மருந்து என்று அந்த அணியையும் சேர்த்து ஒதுக்கியது பெரிய பிழை. புரட்சியின் வேகத்தில் எடுத்த முடிவுகளில் இது ஒன்று. இதன் வலி ஊரில் பல ஆண்டுகள் இருந்தது.

அணியைக் கைவிட மனமில்லாதவர்கள் 'க்ளூபே அகாதேமிகோ த கோயிம்ப்ரா' என்ற தனிக் கிளப்பை உருவாக்கி, அதே கறுப்பில் தொடர்ந்து ஆடினார்கள். பழைய போட்டி முடிவுகளைத் தேடுபவர்கள் 'அகாதேமிகா'வுக்குப் பதில் 'அகாதேமிகோ' என்று பார்த்துக் குழம்புவது இந்தப் பத்தாண்டுகளால்தான். 1984இல் சமரசம் ஏற்பட்டது. தன்னாட்சி கொண்ட கால்பந்து அமைப்பாக அணி தாய்ச் சங்கத்தின் பெயருக்கும் சின்னத்துக்கும் திரும்பியது. நிர்வாகமும் பணமும் தனி, பெயர் பொது.

'இந்திங்கா வழக்கு' என்பது என்ன?

1987-88 பருவத்தில் அகாதேமிகா முதல் பிரிவிலிருந்து இறங்கியது. விட்டோரியா த கிமராயிஸ் அணியில் ஆடிய ஸயர் (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு) நாட்டு வீரர் இந்திங்காவின் பதிவு விதிப்படி நடக்கவில்லை என்று அகாதேமிகா புகார் எழுப்பியது. சர்ச்சை நீண்ட காலம் இழுபட்டது. அகாதேமிகா இறங்கியது இறங்கியதுதான். முதல் பிரிவுக்குத் திரும்ப 1997 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இந்தப் பெயரை மூத்த ரசிகர்களிடம் இன்று சொன்னாலும் முகம் மாறும்.

அந்த்ரே வில்லாஸ்-போவாஸ் இங்கேதான் தொடங்கினாரா?

ஆம். 2009 அக்டோபரில் அவர் பயிற்சியாளராகப் பொறுப்பேற்றபோது அணி லீகில் கடைசி இடம், ஒரு வெற்றிகூட இல்லை. பருவ முடிவில் 11ஆம் இடம். அடுத்த கோடையிலேயே போர்ட்டோ அவரை அழைத்துக்கொண்டது. 2011இல் ஐரோப்பா லீக் வென்றார்.

2012 வெற்றி எப்படி வந்தது?

லீகில் 13ஆம் இடத்தில் முடிந்த அணி என்பதை முதலில் மனத்தில் வையுங்கள். பயிற்சியாளர் பெத்ரோ இமானுவேல். கோப்பைப் பயணத்தில் 2011 நவம்பரில் போர்ட்டோவை 3-0 என்று வெளியேற்றினார்கள். அங்கிருந்து நம்பிக்கை பிறந்தது.

2012 மே 20, மீண்டும் ஜாமோர். எதிரே ஸ்போர்ட்டிங், அந்தப் பருவத்தில் ஐரோப்பா லீக் அரையிறுதி வரை போன அணி. நான்காவது நிமிடத்தில் மாரின்யோ கோல் அடித்தார். மீதி 86 நிமிடங்களும் தடுப்பு. 1967, 1969 எல்லாம் தெரிந்தவர்கள் அந்த 86 நிமிடங்களை எப்படிக் கழித்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கிறேன். இந்த முறை சமன் கோல் வரவில்லை. 1-0.

ஸ்போர்ட்டிங்கிலிருந்து கடனாக வந்த அத்ரியென் சில்வா, செத்ரிக் சோவாரெஸ் இருவரும் அன்று தங்கள் தாய்க் கிளப்புக்கு எதிராக ஆடினார்கள். எதெர் 2008 முதல் அந்த ஆண்டு வரை அகாதேமிகாவின் வீரர். இவர்கள் மூவருமே 2016இல் நாடுகளுக்கான யூரோ கோப்பையை வென்ற போர்ச்சுகல் அணியில் இருந்தார்கள்; பாரிஸ் இறுதியில் பிரான்சை வீழ்த்திய ஒரே கோல் எதெருடையது.

2012 நவம்பரில் நடப்பு ஐரோப்பா லீக் சாம்பியன் அத்லெத்திகோ மத்ரித் கோயிம்ப்ராவுக்கு வந்தது. வில்சன் எதுவார்தோ இரண்டு கோல் அடிக்க, 2-0 என்று தோற்றுத் திரும்பியது. குழுச் சுற்றை அகாதேமிகா தாண்டவில்லை. ஆனால் அந்த இரவு போதும் என்று சொல்பவர்கள் பலரைப் படித்திருக்கிறேன். நானும் அந்தக் கட்சிதான்.

அப்படி ஏறிய அணி ஏன் மூன்றாம் நிலைக்கு இறங்கியது?

2002 முதல் தொடர்ந்து 14 பருவங்கள் முதல் பிரிவில் இருந்த அணி 2016இல் கடைசி இடத்தோடு இறங்கியது. இரண்டாம் பிரிவில் வருமானம் மிகக் குறைவு; போர்ச்சுகலில் தொலைக்காட்சிப் பணத்தை ஒவ்வொரு கிளப்பும் தனித்தனியே பேரம் பேசி வாங்கும் முறை இருந்ததால், பெரும்பங்கு அந்த மூவருக்கே போனது. கோயிம்ப்ரா அளவுள்ள ஊரின் கிளப்புக்கு ஒருமுறை வழுக்கினால் பிடித்துக்கொள்ளக் கிளை இல்லை.

2020-21இல் இரண்டாம் பிரிவில் நான்காம் இடம் வரை வந்தார்கள். திரும்பிவிடுவார்கள் என்று நினைத்தோம். மறு ஆண்டே கடைசி இடம். 2022இல் வரலாற்றிலேயே முதல் முறையாக மூன்றாம் நிலைப் போட்டியான லீகா 3க்குப் போனார்கள். அங்கேயும் ஆட்ட நாட்களில் கறுப்புப் போர்வைகள் வருகின்றன.

மைதானம் பற்றி?

நகராட்சியின் மைதானம், பழைய பெயர் கல்யாபே. யூரோ 2004க்காகப் புதுப்பித்து சுமார் 30,000 பேர் அமரும்படி கட்டினார்கள். மூன்றாம் நிலைக்கு அது மிகப் பெரிது. காலி இருக்கைகள் படங்களில் கண்ணை உறுத்தும்.

இன்னொரு செய்தியையும் சொல்லிவிடுகிறேன். 2004 ஜூன் 17 அன்று இங்கே சுவிட்சர்லாந்துக்கு எதிராக இங்கிலாந்தின் வெய்ன் ரூனி கோல் அடித்து, யூரோ போட்டிகளில் மிக இளம் வயதில் கோல் அடித்தவரானார். நான்கே நாள் கழித்து, இதே மைதானத்தில், பிரான்சுக்கு எதிராக சுவிட்சர்லாந்தின் யோகான் வோன்லாந்தென் அந்தச் சாதனையை முறியடித்தார். அது ஸ்பெயினின் லாமின் யமால் வரும்வரை, 20 ஆண்டுகள், நின்றது.

கோயிம்ப்ராவில் அகாதேமிகா என்ற பெயரில் இரண்டு அணிகள் இருக்கின்றனவா?

இருக்கின்றன. இதுவரை பேசியது 1984இல் திரும்பிய தன்னாட்சி அமைப்பு. அதைத் தவிர, மாணவர் சங்கத்துக்கு நேரடியாகச் சொந்தமான கால்பந்துப் பிரிவு ஒன்றும் உண்டு; அது கோயிம்ப்ரா மாவட்டப் போட்டிகளில் ஆடுகிறது. முடிவுகளைத் தேடும்போது பெயருக்குப் பின்னால் 'ஓ.ஏ.எஃப்' என்ற எழுத்துகள் இருந்தால் ஜாமோரில் வென்ற அணி, 'எஸ்.எஃப்' என்றிருந்தால் மாணவர்களின் மாவட்ட அணி. ஊரின் மூன்றாவது பெயர் உனியாவ் த கோயிம்ப்ரா. முதல் பிரிவில் அது ஆடியது 1972-73 என்ற ஒரே பருவம். அகாதேமிகா இரண்டாம் பிரிவில் இருந்த ஆண்டு அது.